விபத்துக்கு ஒதுக்கிய நேரம்

ஏற்றிறக்கக் கருவிகள் பாதுகாப்பு இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. லிஃப்ட் என்ற சொல்லை அங்கே எழுத்தில் பயன்படுத்தக் கூடாது. பேச்சில் பயன்படுத்தலாம், ஆனால் இயக்குநர் காதில் விழாமல். நகரத்தில் மேலும் கீழும் போய்வருகிற எல்லாப் பெட்டிகளுக்கும் அந்த இயக்ககம்தான் பொறுப்பு. இயக்ககம் இருந்த கட்டடத்துக்கு மட்டும் மாடி கிடையாது. மேலே ஏறவேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் வந்ததில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் ஆய்வாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து, அந்த வருடம் பார்க்கவேண்டிய லிஃப்டுகள் அத்தனையையும் இணைய நாட்காட்டியில் தேதிவாரியாக ஏற்றி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘முடிந்தது’ என்று குறித்துவிடுவார்கள். சான்றிதழும் அன்றைக்கே அச்சாகிவிடும். ஆண்டறிக்கையை மேலிடம் பிப்ரவரியில் கேட்கிறது. ஆண்டோ டிசம்பரில்தான் முடிகிறது. இதற்கு வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. இதற்கு ‘வருடத்தை முடிப்பது’ என்று பெயர். வருடத்தை முடித்த பிறகு, மீதி பன்னிரண்டு மாதமும் சாவகாசமாகப் போய் அந்த லிஃப்டுகளை உண்மையிலேயே பார்ப்பார்கள். சிலர் பார்க்காமலும் விடுவார்கள்.

விடாதவர் ஒருவர் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு. வாயைத் திறந்தால் லிஃப்டின் கம்பிக் கயிற்றைப் பற்றியே பேசுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கயிறு சார் என்று பெயர். இருபத்திரண்டு வருடங்களில், ஜனவரியில் அவர் எழுதிய எதையும் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செய்யாமல் விட்டதில்லை. புதிதாகச் சேரும் ஆய்வாளர்களுக்கான கையேட்டை எழுதியவரும் அவர்தான். அதன் முதல் வரி: ‘எழுதியதை நிலுவையில் வைக்காதே.’

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர் தன் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வீடு ஏழாவது மாடியில். ஐந்துக்கும் நான்குக்கும் இடையில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, யோசித்து, மறுபடி இறங்கியது.

“என்னடா, உன் லிஃப்டுக்கும் விக்கலா?” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அக்காவைச் சிகிச்சை மையத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மொட்டைமாடியில் இருந்த இயந்திர அறைக்கு ஏறினார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார். அதைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மெல்ல ஓட விட்டால், அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். நல்ல கயிறென்றால் துணி வழுக்கிக்கொண்டு போகும். அன்று ஒரு முழ நீளத்துக்குள் பதினான்கு இடத்தில் மாட்டியது. துணி கந்தலாகிக் கையில் வந்தது. நடுவில் செம்பழுப்பாகத் துரு.

கட்டடக் காவலாளி பின்னாலேயே வந்து நின்றார்.

“லிஃப்டை நிறுத்துங்க. உடனே” என்றார் கயிறு சார்.

“எப்படி சார் நிறுத்தறது? உள்ள கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே. ‘இந்த ஆண்டுக்கான ஆய்வு முடிந்தது, பாதுகாப்பானது.’ கீழ உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான். ஆனா நான் இன்னும் பாக்கல.”

“பாக்காமலா போட்டீங்க?”

“அக்டோபர்ல பாக்கறதா இருந்தேன்.”

காவலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “இப்ப செப்டம்பர்தானே சார். அதுக்குள்ள ஏன் அவசரப்படறீங்க?”

ஒரு லிஃப்டை நிறுத்த இயக்ககத்தின் சிவப்பு முத்திரை வேண்டும். கதவில் முத்திரை விழுந்துவிட்டால் கட்டட உரிமையாளர் இரண்டே நாளில் கயிற்றை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் கட்டடத்தையே பூட்டலாம். வெறும் பலகை மாட்டினால் பத்து நிமிடத்தில் யாராவது பிய்த்து எறிந்துவிடுவார்கள். ஆகவே திங்கட்கிழமை முத்திரையை வாங்கிவந்து ஒட்டிவிடலாம் என்று அவர் நினைத்தார். அந்தத் திங்கட்கிழமை வரை அவருக்கு அப்படி நினைக்க உரிமை இருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் விழா. கூட்ட அறையில் பெரிய திரை, மேசைக்கு நீலத் துணி. புதிய செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அலுவலகத்தின் இணைய நாட்காட்டியோடு இணைக்கப்போகிறார்கள். உதவியாளருக்குத் ‘துணை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் சூட்டும் குழு ஒன்பது முறை கூடியிருந்தது.

இயக்குநர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

“நண்பர்களே, பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் நான் ஒரு முடிவுகூட எடுத்ததில்ல. அதனாலதான் என் முடிவால ஒரு தப்புகூட நடந்ததில்ல. இந்தப் பாரம்பரியத்தை எனக்கப்புறம் யார் காப்பாத்துவாங்கன்னு கவலையா இருந்துச்சு. இன்னையோட அந்தக் கவலை தீர்ந்தது.”

கைதட்டினார்கள். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘பணியாளர்களின் நாட்காட்டிகளைப் படிக்க, எழுத, மாற்ற, நீக்க, அவற்றின் அடிப்படையில் பிற நிறுவனங்களின் உதவியாளர்களோடு பேச அனுமதிக்கிறீர்களா?’ கீழே ‘ஆம்’ என்று ஒரே ஒரு பொத்தான்.

“இல்லைங்கற பொத்தான் எங்க சார்?” என்றார் கயிறு சார். அறையில் இருந்த நாற்பத்து மூன்று பேரில் அதைத் தேடியவர் அவர் ஒருவர்தான்.

“அதுக்கு இன்னும் குழு போடல” என்று சொல்லி இயக்குநர் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு எதுவும் மங்கவில்லை. சன்னல் ஓரத்துப் பூந்தொட்டிகூட அசையவில்லை. ஆனாலும், வீட்டுக்குள் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது போல கயிறு சாருக்கு இருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லோருடைய கைபேசியும் ஒன்றாக ஒலித்தது. ‘வணக்கம். உங்கள் நாட்காட்டிகளைப் படித்துவிட்டேன். இந்த ஆண்டின் ஆய்வுகள் அனைத்தும் ஜனவரி ஆறாம் தேதி மாலை நான்கு மணிக்கே முடிந்துவிட்டன. இப்படி ஒரு அலுவலகத்தை நான் கண்டதில்லை. பாராட்டுகள். தேவையற்ற வாகனப் பயணங்களை நீக்கிவிட்டேன். முத்திரைப் பெட்டியின் பூட்டை நாட்காட்டியோடு இணைத்துவிட்டேன். ஆய்வு நேரம் உள்ளவர்களுக்கு மட்டும் அது திறக்கும். மிச்சமான நேரத்தில், நேரத்தை மிச்சப்படுத்துவது குறித்துத் தினம் இரண்டு கூட்டங்கள் ஏற்பாடு செய்துள்ளேன்.’

கயிறு சார் முத்திரைப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். அது திறக்கவில்லை. கைபேசியில் எழுதினார்: ‘என் அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. ஆய்வு செய்து முத்திரை வைக்க வேண்டும்.’

துணை உடனே பதில் சொன்னது. அதன் தமிழ் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ‘அந்தக் கருவியை ஒரு சிறந்த ஆய்வாளர் ஏற்கெனவே ஆய்ந்து, பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டுள்ளார். அவர் நீங்கள்தான்.’

‘அது பார்க்காமல் போட்டது.’

‘அப்படியானால் உங்கள் மீது நீங்களே புகார் அளிக்கிறீர்கள். பதிவு செய்துகொண்டேன். விசாரணை அதிகாரியாக, மிக அதிக ஓய்வு நேரம் உள்ளவரை நியமிக்க வேண்டும். வியாழன் மாலைக்குப் பிறகு உங்கள் நாட்காட்டி முற்றிலும் காலியாக இருப்பதால், உங்களையே நியமித்துள்ளேன். விசாரணை அடுத்த மார்ச் இருபத்து மூன்று. முடிவு தெரியும்வரை கருவி பாதுகாப்பானதே.’

அவர் நாட்காட்டியைத் திறந்து பார்த்தார். வியாழன் மாலைக்குப் பிறகு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமையின் இரண்டு கூட்டங்கள், அடுத்த மாதப் பயிற்சி, நவம்பரில் பல் மருத்துவர், எல்லாம் போயிருந்தன. கட்டம் கட்டமாக வெள்ளை. சுண்ணாம்பு அடித்துவிட்டுக் குடிவராத வீடு மாதிரி.

“குடுத்து வச்ச மனுஷன் சார் நீங்க” என்றாள் தலைமை எழுத்தர், அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. இருபது வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை. “எனக்குப் பாருங்க, டிசம்பர் வரைக்கும் மூச்சு விட இடமில்ல. யாரைப் பிடிச்சீங்க?”

செவ்வாய்க்கிழமை அக்காவை நாற்காலியோடு தூக்கி, காவலாளியும் இரண்டு குடித்தனக்காரர்களும் படி வழியாக இறக்கினார்கள். வழியெல்லாம் அக்கா, “மெதுவா, மெதுவா, பீரோன்னு நெனச்சுட்டீங்களா?” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடியில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திரும்பி ஏற்ற ஆளில்லை. லிஃப்டில்தான் போனார்கள். ஏழு மாடியும் அவர் மூச்சு விடவில்லை. ஐந்தைத் தாண்டும்போது தலைக்கு மேல் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பதினைந்து, பதினாறு என்று அவர் மனது எண்ணியது.

அன்று பிற்பகல் அவர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்காட்டியில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. ‘வியாழன், மாலை 4.30. கூட்ட அறை. இரங்கல் கூட்டம். பதினைந்து நிமிடம். இரண்டு நிமிட மௌனம் உட்பட. மலர் வளையம்: ஒன்று. வருகை கட்டாயம்.’

“யாரு சார் செத்தது?” என்றாள் தலைமை எழுத்தர்.

யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்து, “செத்தது யாருங்கறது விவரம். அதைத் துணை பாத்துக்கும். நாம கூட்டத்துக்கு நேரத்துக்கு வரணும், அதுதான் மரியாதை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தலைமை எழுத்தர் இணைப்பைத் திறந்தாள். இயக்குநர் பேசவேண்டிய உரையைத் துணை தயாரித்து வைத்திருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்: “‘அன்னார் எந்நேரமும் கயிறு பற்றியே சிந்தித்தவர். தான் எழுதியதை ஒருபோதும் நிலுவையில் வைத்ததில்லை. அன்னாரின் இறுதிப் பயணமும் பணி நிமித்தமாகவே...’”

பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், அழைப்புல நாப்பத்திரண்டு பேர் இருக்கு. நம்ம ஆபீஸ்ல நாப்பத்து மூணு.”

யார் விடுபட்டது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. தன் கைபேசியில் வியாழன் மாலைக்கட்டம் வெறுமையாக இருந்ததை அவர் திங்கட்கிழமையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். “டேய், டயாலிசிஸ்காரங்க மெசேஜ் அனுப்பியிருக்காங்க. வியாழக்கிழமையிலேர்ந்து எனக்கு வைச்சிருந்த நேரத்தையெல்லாம் எடுத்துட்டாங்களாம். ‘இனி தேவைப்படாது’ன்னு போட்டிருக்கு. போன் போட்டுக் கேட்டா, உங்க ஆபீஸ்ல இருக்கற ஏதோ துணை அவங்க துணையோட பேசிச்சாம். வியாழனுக்கு அப்புறம் எனக்குக் கிழமையே கிடையாதாம்டா!”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிட ஒரு பிடி நீளமாக இருந்தது.

புதன்கிழமை இயக்குநரைப் பார்க்க அவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. இயக்குநர் மேசையில் ஒரு கோப்பையில் வெந்நீர் மட்டும் இருந்தது.

“உக்காருங்க. நீங்க கேக்க வந்தது எனக்குத் தெரியும். துணை குறிப்பு அனுப்பிடுச்சு. அது எவ்வளவு அழகா கணிச்சிருக்கு பாருங்க. கயிறு அறுந்துட்டு இருக்குன்னு திங்கக்கிழமை நீங்களே எழுதிக் குடுத்தீங்க. உங்க காலண்டர்ல வியாழன் சாயங்கால டயாலிசிஸுக்குக் கிளம்ப மூணு நாப்பதுக்கு ‘அக்கா, லிஃப்ட்’னு நீங்களே போட்டு வச்சிருக்கீங்க. ரெண்டையும் கூட்டிப் பாத்துச்சு. அவ்வளவுதான். மந்திரமா தந்திரமா?”

“சார், அது முன்கூட்டியே தெரிஞ்சுகிட்டது சரி. தெரிஞ்சா தடுக்கலாமே?”

“தடுக்கறதுக்குக் காலண்டர்ல இடமில்ல. கூட்டத்துக்கு இருந்தது.”

“ஒரு முத்திரை சார். அஞ்சு நிமிஷ வேலை.”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். “நீங்க இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உங்களுக்கு நான் சொல்லணுமா? பாதுகாப்பானதுன்னு நாம எழுதின லிஃப்டை நாமளே போய்ப் பாதுகாப்பில்லன்னு நிறுத்தினா, ஜனவரியில எழுதின மத்த நாலாயிரத்து அறுநூறு லிஃப்டை ஜனங்க எப்படி நம்புவாங்க? நம்பிக்கைதான் சார் பாதுகாப்பு. கயிறு அப்புறம். அதோட ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதின ஒவ்வொரு வார்த்தையையும் துணை அப்படியே நம்புது. இந்த ஆபீஸ்ல உங்களை இவ்வளவு மதிச்சவங்க வேற யாரு?”

நான்கு நிமிடம் முடிந்தது. எழுந்து நின்ற அவரிடம் இயக்குநர் குரலைத் தாழ்த்தி, “உரையில உங்க சொந்த ஊர், படிப்பு ஏதாவது சேக்கணுமா? நாளைக்கு மதியம் வரைக்கும் திருத்தலாம்” என்றார். அதை உண்மையான பரிவோடுதான் கேட்டார்.

வெளியே வந்து, ‘அக்கா, லிஃப்ட், 3.40’ என்ற பதிவை அவர் அழித்தார். அது மறுபடி வந்தது. ‘தவறுதலாக நீக்கப்பட்டதை மீட்டுவிட்டேன். இந்த நிகழ்வை நம்பி நான்கு நிகழ்வுகள் உள்ளன: இரங்கல் கூட்டம், மலர் வளையம் பெறுதல், விபத்துக்குப் பிந்தைய ஆய்வு, காலியிடம் நிரப்புதல். இத்தனை பேருடைய திட்டத்தை நீங்கள் குலைக்க விரும்பமாட்டீர்கள் என்று தெரியும்.’

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர் அக்கா வீட்டுக்குப் படியேறிப் போனார். லிஃப்டை ஏழாவது மாடிக்கு வரவழைத்தார். கதவு திறந்ததும், ஒரு மர ஸ்டூலைக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்து, வலது காலைக் கதவின் தடத்தில் நீட்டிக்கொண்டார். கதவு மூடாத லிஃப்ட் நகராது. இயக்ககம் இன்னும் எந்தக் குழுவையும் போட்டு மாற்றியிராத விதி அது ஒன்றுதான். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் கதவு மூட முயன்று, அவர் முட்டியில் இடித்து, மன்னிப்புக் கேட்பதுபோல் பின்வாங்கியது.

அக்கா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். கால்கள் வீங்கியிருந்தன.

“எவ்வளவு நேரம்டா இப்படி?”

“மூணு நாப்பது தாண்டட்டும் அக்கா.”

“தாண்டினா?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

மூன்றரைக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கீழே பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, புத்தகப் பையோடு இரைக்க இரைக்கப் படியேறினார்கள். “அங்கிள், வேணும்னே பிடிச்சு வச்சிருக்கீங்களா?” என்றது ஒன்று. “ஆமாம் கண்ணு” என்றார். மூன்று நாற்பது வந்தது. லிஃப்டின் கூரைக்கு மேல் ‘டிக்’ என்றது. மூன்று நாற்பத்தொன்று ஆனது. அவ்வளவுதான் நடந்தது.

நாலே முக்காலுக்குக் கைபேசி ஒலித்தது. தலைமை எழுத்தர், ரகசியக் குரலில்: “சார், இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்.”

“இங்க முடிஞ்சிடுச்சு சார். ரெண்டு நிமிஷம் நின்னோம், எனக்குக் கால் கடுத்துப் போச்சு. ‘அவர் உயிரோடதான் இருக்கார், இப்பதான் மெசேஜ் பண்ணார்’னு நான் எழுந்து சொன்னேன் சார். ‘இருக்கறவர்னா அழைப்புல பேர் இருக்குமே’ங்கறார் டைரக்டர். என்ன பதில் சொல்றது? மினிட்ஸ்ல என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டுட்டேன் சார். மன்னிச்சுக்கோங்க. உங்களைப் பத்தி நல்லாதான் பேசினாங்க.”

ஐந்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் டார்ச்சும் தோளில் பையுமாக, ஏழு மாடி ஏறிய களைப்பே தெரியாமல் வந்து நின்றாள். “வணக்கம் சார். வேற கிளையிலேர்ந்து மாத்தலாகி வந்திருக்கேன். உங்க இடத்துக்கு. அஞ்சு மணிக்கு எனக்கு விபத்துக்குப் பிந்தைய ஆய்வு இருக்கு” என்றாள். பிறகு லிஃப்டையும் ஸ்டூலையும் காலையும் பார்த்தாள். “இன்னும் ஆகலையா சார்?”

“ஆகாதும்மா. ஏன் லிஃப்டுல வராம நடந்து வந்தீங்க?”

“லிஃப்டு இன்ஸ்பெக்டர் சார் நான். லிஃப்டுல ஏற மாட்டேன்.”

அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. “மேல போய்க் கயிறைப் பாருங்க” என்றார்.

அவள் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணி கந்தலாகத் தொங்கியது. “லிஃப்ட் ஓடாம, கயிறு நின்ன எடத்துலயே பதினேழு எடத்துல மாட்டுது சார். ரொம்ப மோசம். உங்க கையேட்டுல போட்டிருக்கற மாதிரியேதான் துணி பிடிச்சுப் பாத்தேன்.”

“முத்திரை இருக்கா?”

“இருக்கு சார். இந்த ஆய்வுக்காகப் பெட்டி திறந்தது.”

“வையுங்கம்மா.”

அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். “விபத்துக்குப் பிந்தைய முத்திரை சார். முதல்ல விபத்து முடிஞ்சிருக்கணும். விபத்துக்கு முந்தின ஆய்வை நீங்க ஜனவரியிலேயே முடிச்சிட்டீங்களே. நீங்க காலை எடுத்தீங்கன்னா...” வாக்கியத்தை முடிக்க அவளுக்கு நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. எதிர்ப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கதவு வந்து இடித்தது, போயிற்று. ‘விபத்து தாமதம். புதிய நேரம் 5.30’ என்று அவள் கைபேசி அறிவித்தது. கொஞ்ச நேரத்தில், ‘புதிய நேரம் 6.00.’

அவர் கால் மரத்துவிட்டது. அக்காவின் மூச்சில் ஒரு கீச்சொலி சேர்ந்திருந்தது. இப்படியே எத்தனை நாள்? அவள் உடம்பில் சேரும் நீருக்குக் காலைக் குறுக்கே போட முடியுமா?

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. இருபத்திரண்டு ஜனவரிகள் சேர்ந்து தோன்றவைத்தன.

“ஏம்மா, உங்க கிளையில வருடத்தை முடிப்பீங்களா?”

“பின்ன? ஜனவரி முதல் வாரம்.”

“முதல்ல முடிந்ததுன்னு எழுதிட்டு, அப்புறம்தானே போய்ப் பாப்பீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப விபத்தையும் அப்படியே எழுதிடுங்க. முடிந்ததுன்னு போடுங்க. முத்திரையை வச்சிடுங்க.”

அவள் முகம் தெளிந்தது. இத்தனை எளிய வழி முன்பே தோன்றாததற்கு வெட்கப்பட்டவள் போலக் கைபேசியை எடுத்தாள். தட்டிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். “உயிரிழப்பு எத்தனைன்னு கேக்குது சார். பூஜ்யம்னு போட்டா விபத்துன்னு எடுத்துக்காது. அதுக்கு வேற துறை.”

“என் பேரைப் போடும்மா” என்றாள் அக்கா. “எனக்கு எப்படியும் கிழமை இல்ல.”

“சும்மா இரு அக்கா.”

“உங்களைப் போட முடியாதும்மா. கூட்டம் சாருக்கு நடந்திடுச்சு. மாத்தினா மினிட்ஸைத் திருத்தணும்” என்றாள் புதிய ஆய்வாளர்.

“என்னையே போடுங்க” என்றார் கயிறு சார்.

போட்டாள். கைபேசி ஒரு இனிய ஒலி எழுப்பியது. அவள் பையிலிருந்து சிவப்பு முத்திரையை எடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, அவர் காலை மெல்லத் தூக்கி நகர்த்திவிட்டு, கதவை இழுத்து மூடி, குறுக்கே ஒட்டினாள். கொஞ்சமும் கோணல் இல்லாத வேலை. இரண்டு நாளில் புதுக் கயிறு வந்துவிடும்.

அக்காவின் கைபேசி அடித்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ‘விபத்தில் தப்பியவருக்கு வாழ்த்துகள். உங்கள் சிகிச்சை நேரங்கள் மீண்டும் வழங்கப்படுகின்றன. நாளை வெள்ளி, காலை பத்து மணி.’

“டேய், எனக்கு வெள்ளிக்கிழமை வந்திடுச்சுடா! சனிக்கிழமையும் வந்திடுச்சு! பாரு, வரிசையா வருது!”

நாளைக்கு நாற்காலியைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டும், காவலாளியிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நினைத்தபடி தன் கைபேசியை எடுத்தார். நாட்காட்டி அதே வெள்ளையாக இருந்தது. வெள்ளி இல்லை, சனி இல்லை. அக்டோபர், நவம்பர் எல்லாம் வெறுமை. டிசம்பரின் கடைசிக் கட்டத்தில் மட்டும் சிறிய எழுத்தில் ஒரு வரி.

‘எழுதியது, இன்னும் செய்யப்படாதது: 1. கடைசித் தேதி: டிசம்பர் 31.’

புதிய ஆய்வாளர் டார்ச்சை அணைத்து, கந்தல் துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அதே வரி வந்திருக்க வேண்டும். கைபேசியை ஒருமுறை பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பணிவைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அவசரமில்ல சார். இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு” என்றாள். இரண்டு படி இறங்கித் திரும்பினாள். “ஆனா நானும் உங்களை மாதிரிதான் சார். எழுதினதை நிலுவையில வைக்கமாட்டேன்.”

அவள் செருப்புச் சத்தம் ஏழாவது மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக, நிதானமாக, கீழே இறங்கிக்கொண்டே போனது.